நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் தேர்வு உண்டு

சென்ற மே முதல் நாள் நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, சாலை ஆகியவற்றைப் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறிய பின்னர், இளம் வார்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு சிறிய பொட்டலத்தைச் சபையோருக்குக் காட்டினார். "குடலில் நல்ல பாக்டீரியாக்களைக் குடியேற்றும், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும், ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது" என்னும் வாசகங்கள் அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தன. அங்கன்வாடிக் குழந்தைகள் எல்லோருக்கும் ஊராட்சியின் பொது நிதியிலிருந்து இதனை வாங்கிக் கொடுக்கலாகாதா என்பது அவருடைய கேள்வி.

முன்வரிசையில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர், "நம் வீட்டு மோரில் இல்லாத கிருமியா அந்தப் பொட்டலத்தில் இருக்கப் போகிறது, தம்பி?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தாய் கூறிய செய்தி அச்சிரிப்பை அடக்கிவிட்டது. முந்திய மாதம் அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாம். கடையில் கொடுத்த இத்தகைய பொடியையே மருந்தென்று நம்பி இரண்டு நாள் கொடுத்திருக்கிறார். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கவில்லை. குழந்தையின் கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்ட பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். குழந்தை பிழைத்துக்கொண்டது. "ஆய்வுக்கூடத்தில் நிரூபித்தது என்று போட்டிருந்ததே ஐயா, அதற்கு என்னதான் அர்த்தம்?" என்று அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்.

அன்று நம்மால் அதற்குச் சரியான விடை கூற இயலவில்லை. பின்னர் மருத்துவ அலுவலரையும் கால்நடை மருத்துவரையும் கலந்து பேசியும், இத்துறை நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறியும்பொருட்டு இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

புரோபயாடிக் என்பது யாது?

மனித உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில உணவைச் செரிக்கத் துணைபுரிகின்றன; சில நோய்க் கிருமிகள் காலூன்ற இடங்கொடாமல் காக்கின்றன. இத்தகைய நற்செயல்களை எதிர்பார்த்து வெளியிலிருந்து உட்கொள்ளப்படும் நுண்ணுயிர்களே புரோபயாடிக் எனப்படுகின்றன.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001ஆம் ஆண்டு ஆர்ஜென்டினா நாட்டின் கோர்டோபா நகரில் கூடி இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன. நுண்ணுயிர் உயிரோடு இருத்தல் வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளப்படுதல் வேண்டும். உட்கொண்டவருக்கு உடல்நலப் பயன் விளைதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அது புரோபயாடிக் ஆகாது. மூன்றாவது நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் அதுவே முதன்மை பெறக் காண்போம்.

ஒட்டுதல் பற்றிய எண்ணம் பிறந்த வரலாறு

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர் இலியா மெச்சினிக்காவ். வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்ததற்காக 1908இல் நோபெல் பரிசைப் பால் எர்லிக் என்பவருடன் பகிர்ந்து பெற்ற மேதை இவர். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணமாகலாம் என்று இவர் கருதினார். 1907இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை விளக்கினார். ஐரோப்பா முழுவதும் புளித்த பாலுக்கு மதிப்பு உயர்ந்தது.

ஆனால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்கர் என்னும் அறிஞரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தபோது, பல்கேரியப் பாலில் உள்ள அந்த பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை எனக் கண்டனர். விருந்தினராக வந்து, வந்த வழியே வெளியேறிவிடும் உயிர் எவ்வாறு நிலையான நன்மை செய்யும் என்ற வினா அப்போது எழுந்தது. குடலில் தங்கும் ஆற்றல், அதாவது குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஆற்றல், இத்துறையின் முக்கியமான ஆராய்ச்சிப் பொருளாக ஆனதற்கு இதுவே தொடக்கம் எனலாம்.

முதலில் இரகத்தை அறிதல்

நெல் என்று பொதுவாகச் சொன்னால் விவசாயிக்குப் போதாது. ஆடுதுறை 43 குறுவைக்கு ஏற்றது. வெள்ளைப்பொன்னி சம்பாவுக்கு ஏற்றது. இரண்டும் நெல்லே, எனினும் வயதும் குணமும் வேறு. பாக்டீரியாக்களும் அவ்வாறே. லாக்டோபாசில்லஸ் என்பது பேரினம். ராம்னோசஸ், பிளாண்டாரம் என்பன இனங்கள். அவற்றுக்குப் பின்னே வரும் எழுத்தும் எண்ணும் இரகத்தைக் குறிப்பன. ஓர் இரகத்தில் கண்ட குணம் மற்றோர் இரகத்தில் இருந்தே தீரும் என்று கொள்வது தவறு. 2020ஆம் ஆண்டில் இப்பேரினம் பலவாகப் பிரிக்கப்பட்டுப் புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. ஆயினும் பழைய பெயர்களும் வழக்கில் உள்ளன. ஆகவே சோதனைச்சாலையில் முதல் வேலை, மரபணுவை ஆராய்ந்து இரகத்தை ஐயமின்றி உறுதி செய்வதேயாகும். விதைச் சான்றளிப்பில் கலப்பு இரகம் நீக்கப்படுவதற்கு இது நிகரானது.

வழிப்பயணத்தில் பிழைக்குமா?

வாய்வழியே செல்லும் பாக்டீரியா முதலில் இரைப்பையின் அமிலத்தைக் கடக்க வேண்டும். மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்றொரு கட்டத்தைக் கண்டிருப்பீர்கள். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். 2 அளவுக்கும் இறங்குவதுண்டு. எனவே சோதனைச்சாலையில் பி.எச். 2 அல்லது 3 உள்ள திரவத்தில் பாக்டீரியாவை இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருக்கின்றனர். அதன் பின் பித்தநீர் உப்புகள் கலந்த திரவத்தில் வைத்துப் பார்க்கின்றனர். தொடக்கத்தில் எத்தனை உயிர்கள், முடிவில் எத்தனை உயிர்கள் என்று எண்ணப்படுகின்றன.

கண்ணுக்குத் தெரியாதவற்றை எண்ணுவது எவ்வாறு என்று கேட்கலாம். ஒரு பங்கு திரவத்தை ஒன்பது பங்கு உப்பு நீரில் கலந்தால் பத்தில் ஒன்றாக நீர்க்கிறது. இவ்வாறே மீண்டும் மீண்டும் நீர்க்கச் செய்து, ஒரு சொட்டை உணவுக்கூழ் பரப்பிய தட்டில் இடுகின்றனர். இரண்டு நாளில் ஒவ்வோர் உயிருள்ள பாக்டீரியாவும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிறது. புள்ளிகளை எண்ணி, நீர்த்த அளவால் பெருக்கினால் மூலத் திரவத்தில் இருந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். முளைப்புத்திறன் காண விதைகளை ஈரத்தாளில் பரப்பி எண்ணுகிறோமே, அதனோடு இதனை ஒப்பிடலாம்.

குடலில் ஒட்டுமா?

உயிரோடு குடலை அடைந்த பாக்டீரியா அங்கே ஒட்டுமா என்பது அடுத்த தேர்வு. மனிதக் குடலை அறுத்துப் பார்க்க இயலாது. ஆதலால் விஞ்ஞானிகள் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் குடற்சுவர் போன்ற ஒன்றை வளர்க்கின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படுவது காக்கோ-2 எனப்படும் உயிரணு வரிசை. 1970களில் அமெரிக்காவின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில், பெருங்குடற் புற்றுநோயுற்ற ஒருவரின் கட்டியிலிருந்து இது எடுக்கப்பட்டது. இவ்வணுக்களைத் தட்டில் ஏறத்தாழ 21 நாட்கள் வளர்த்தால், அவை ஒன்றோடொன்று நெருங்கிப் படலமாகி, மேற்புறத்தில் சிறுகுடலில் உள்ளவை போன்ற நுண்ணிய உறிஞ்சிகளையும் பெறுகின்றன. நாற்றங்காலில் நாற்று அடர்ந்து நிற்பதைப் போல என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

அப்படலத்தின்மேல் எண்ணிய அளவு பாக்டீரியாவைச் சேர்த்து, உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைக்கின்றனர். பிறகு உப்புக் கரைசலால் பல முறை மெதுவாகக் கழுவுகின்றனர். அரிசி களையும்போது உமியும் தூசியும் நீரோடு போய் அரிசி தங்கிவிடுவதைப் போல, ஒட்டாதவை கழுவிச் செல்ல, ஒட்டியவை மட்டும் எஞ்சுகின்றன. எஞ்சியவற்றைப் படலத்தினின்று பிரித்து, முன்னர்க் கூறிய முறையில் எண்ணுகின்றனர். எடுத்துக்காட்டாக, ஒரு கோடி பாக்டீரியாவைச் சேர்த்து, கழுவிய பின் 5 லட்சம் எஞ்சினால், ஒட்டும் திறன் நூற்றுக்கு 5 என்று கொள்வர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்த 5 விழுக்காடு நல்லதா, போதாதா என்பதைத் தனியே நின்று சொல்ல முடியாது. கழுவிய முறை, அணுக்களின் வயது, சேர்த்த அளவு ஆகியவற்றுக்கேற்ப இவ்வெண் மாறும். ஆகவே, நன்றாக ஒட்டும் என்று முன்பே அறியப்பட்ட ஓர் இரகத்தையும், ஒட்டாத ஓர் இரகத்தையும் அதே நாளில் அதே தட்டுகளில் வைத்துச் சோதிப்பது முறை. புதிய விதையைப் பழகிய விதைக்கு அருகிலேயே விதைத்து ஒப்பிடாமல் நாம் அதன் விளைச்சலைப் புகழ்வதுண்டோ? சோதனையைக் குறைந்தது மூன்று முறை தனித்தனியே செய்து பார்ப்பதும் வழக்கம்.

நன்றாக ஒட்டும் இரகத்துக்கு அளவுகோலாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்பது. அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்தில் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் இருவரின் பெயர் முதலெழுத்துகளே ஜி.ஜி. என ஆயின. இந்த இரகம் ஏன் இவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்னும் காரணத்தைப் பின்லாந்து நாட்டு அறிஞர்கள் 2009இல் வெளியிட்டனர். இதன் மேற்பரப்பில் மயிர் போன்ற மெல்லிய புரத இழைகள் உள்ளன. அவை குடலின் கோழைப் படலத்தைப் பற்றிக்கொள்கின்றன. நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுவது அதன் முள்ளினால் அன்றோ? அது போன்றதே இதுவும்.

ஆயினும் ஒட்டுதல் ஒன்றே நற்குணம் ஆகிவிடாது. காலராக் கிருமியும் ஒட்டுகிறது; வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில வகை ஈ.கோலை கிருமிகளும் ஒட்டுகின்றன. ஒட்டுவதனாலேயே அவை நோய் செய்கின்றன. எனவே, நல்லது எனக் கருதப்படும் பாக்டீரியா, நோய்க் கிருமி ஒட்டுவதைத் தடுக்கிறதா என்றும் பார்க்கின்றனர். முன்னே நல்லதை இட்டுப் பின்னே கிருமியை இடுதல், இரண்டையும் ஒருங்கே இடுதல், கிருமி ஒட்டிய பின் நல்லதை இட்டு அது கிருமியை விரட்டுகிறதா எனக் காணுதல் என இது மூவகைப்படும். வயலில் பயிர் முந்தினால் களை அடங்கும். களை முந்தினால் பயிர் திணறும் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

உடலின் காவலர்களோடு எவ்வாறு பழகும்?

நம் குடற்சுவருக்கு அப்பால் நோய் எதிர்ப்பு அணுக்கள் பெருந்தொகையாகக் காவல் நிற்கின்றன. புதிதாக வந்த பாக்டீரியாவைக் கண்டு அவை யாது செய்யும் என்பதை அறிவதே மூன்றாவது தேர்வு. ஆரோக்கியமான தொண்டர்களின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, பாக்டீரியாவுடன் ஏறத்தாழ ஒரு நாள் சேர்த்து வைக்கின்றனர். அவ்வணுக்கள் சைட்டோகைன் எனப்படும் தூதுப் பொருள்களை வெளியிடும். இவற்றுள் இன்டர்லூக்கின்-12 போன்றவை "பகைவன் வந்தான், எழுந்து தாக்குங்கள்" என்று மற்ற அணுக்களைக் கிளப்புவன. இன்டர்லூக்கின்-10 என்பது பெரும்பாலும் "அமைதி கொள்ளுங்கள்" என்று அடக்குவது. இவ்விரண்டின் அளவையும், அவற்றிடையே உள்ள விகிதத்தையும் அளந்து, அந்த இரகம் கிளப்பும் இயல்புடையதா, அடக்கும் இயல்புடையதா என்று வகைப்படுத்துகின்றனர்.

"எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்ற விளம்பர வாசகத்தை இங்கே நிறுத்திப் பார்த்தல் நலம். ஊர்க்காவலுக்கு வளர்க்கும் நாய் திருடனைக் கண்டு குரைக்க வேண்டும். வீட்டாரையும் உறவினரையும் கண்டு குரைத்துக் கடித்தால் அந்த நாயால் தொல்லையே மிகும். எதிர்ப்பு ஆற்றல் வேண்டாத நேரத்தில் பெருகுவதனாலேயே ஆஸ்துமா, ஒவ்வாமை, குடல் அழற்சி போன்ற நோய்கள் பல உண்டாகின்றன. ஆதலால் பெருக்குவது எல்லாம் நன்மை என்றும், அடக்குவது எல்லாம் தீமை என்றும் எண்ணுதல் கூடாது. யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த நிலையில் என்ற வினாவோடு சேர்த்தே இம்முடிவுகளைக் காண வேண்டும். ஒருவர் இரத்தத்தில் கண்ட விளைவு மற்றொருவர் இரத்தத்தில் வேறுபடுவதும் உண்டு. இதனாலேயே பலருடைய இரத்தத்தைக் கொண்டு சோதிக்கின்றனர்.

இவற்றோடு தீங்கின்மையும் ஆராயப்படுகிறது. அந்த இரகம் இரத்த அணுக்களைச் சிதைக்கிறதா? ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத தன்மையைப் பிற கிருமிகளுக்குக் கடத்தக்கூடிய மரபணு அதில் உள்ளதா? இவை விடை காண வேண்டிய வினாக்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இரகத்தை அறிதல், அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குதல், நோய்க் கிருமி ஒட்டுவதைக் குறைத்தல், தீங்கின்மை, இறுதியாக மனிதரிடம் பயனை நிறுவுதல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன.

தட்டும் வயலும்

ஆராய்ச்சிப் பண்ணையில் நன்கு விளைந்த இரகம் நம் மேட்டு நிலத்தில் பொய்த்துப் போவதைக் கண்டிருக்கிறோம். சோதனைத் தட்டுக்கும் மனித உடலுக்கும் இடையே உள்ள தூரம் அதனினும் பெரிது. காக்கோ-2 படலத்தில் கோழை இல்லை, உணவு ஓட்டமில்லை, கோடிக்கணக்கான பிற பாக்டீரியாக்களின் போட்டியில்லை. இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 11 இரகங்கள் கலந்த புரோபயாடிக்கைத் தொண்டர்களுக்குக் கொடுத்து, குழாய்க் கருவியால் அவர்களுடைய குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தனர். சிலருடைய குடல் அவற்றுக்கு இடங்கொடுத்தது. சிலருடைய குடல் அவற்றை ஏற்கவே இல்லை. அனைவரும் உண்டது ஒரே மருந்துதான்.

ஒட்டுவதில் முதன்மை பெற்ற ஜி.ஜி. இரகத்தின் வரலாறும் படிப்பினை தருவது. ஆண்டிபயாடிக் மருந்துகளால் குழந்தைகளுக்கு உண்டாகும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் அது பயன்பட்டதாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் ஏற்கெனவே தொடங்கிவிட்ட கடும் வயிற்றுப்போக்குக்கு அது உதவுமா என்று அமெரிக்க மருத்துவமனைகளில் 971 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டபோது, அந்த இரகத்தை உண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 11.8 பேரும், வெறும் பொடியை உண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 12.6 பேரும் நோய் முற்றிய நிலையை அடைந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதாகக் கொள்ள இயலாது. அதே இரகம், அதே ஒட்டும் திறன். நோய் மாறியதும் பயன் காணப்படவில்லை. நம் ஊர்த் தாய் பொடியை நம்பிக் காத்திருந்தது ஏன் ஆபத்தாயிற்று என்பதற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது.

இதனினும் கடுமையான எச்சரிக்கை நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்தது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு, சோதனைச்சாலையில் தேர்ச்சி பெற்ற 6 இரகங்களின் கலவையைக் கொடுத்து ஆராய்ந்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, கலவையைப் பெற்ற 152 பேரில் 24 பேரும், பெறாத 144 பேரில் 9 பேரும் இறந்தனர். உயிருள்ள பொருளை நோயுற்ற உடலில் செலுத்துவது விளையாட்டன்று என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

ஒடிசா கிராமங்கள் தந்த நற்செய்தி

இவற்றைக் கேட்டு இத்துறையே பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டின் ஒடிசா மாநிலத்தில் 149 கிராமங்களில் நடைபெற்ற ஆய்வு ஒன்று உலகின் கவனத்தைக் கவர்ந்தது. டாக்டர் பினாகி பாணிக்ரஹி என்பவரின் தலைமையில் நடைபெற்று, 2017இல் முடிவு வெளியான ஆய்வு அது. பிறந்த சில நாட்களில் இரத்தத்தில் நச்சுக் கிருமி பரவி இறக்கும் சிசுக்களைக் காப்பது அதன் நோக்கம். முதலில் பிறந்த குழந்தையின் குடலில் நன்கு தங்கும் இரகம் எது என்று ஆராய்ந்து, லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் இனத்தின் ஓர் இரகத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஏழே நாட்கள் கொடுத்த அந்த இரகம் பல வாரங்கள் குடலில் தங்கியிருந்ததை முந்தைய சிற்றாய்வில் கண்டுகொண்ட பின்னரே பெரிய ஆய்வில் இறங்கினர்.

4,556 சிசுக்கள் இதில் சேர்க்கப்பட்டனர். பாதிப்பேருக்கு அந்த இரகமும், அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் 7 நாட்கள் கொடுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு வெறும் பொடி. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 60 நாட்கள் கவனித்ததில், வெறும் பொடி பெற்றவர்களுள் நூற்றுக்கு 9.0 சிசுக்கள் நச்சுக் கிருமி நோய்க்கோ இறப்புக்கோ ஆளாயினர். இரகத்தைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 5.4 மட்டுமே. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

இங்கும் ஓர் எல்லையைக் குறிக்க வேண்டும். அச்சிசுக்கள் 2,000 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளவர்கள், 35 வாரமேனும் கருவில் இருந்தவர்கள், நோய்க்குறி இல்லாதவர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுப்பதில் ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்திருக்கிறது. எனவே ஒடிசாவின் வெற்றியைக் காட்டி வேறொரு பொட்டலத்தை விற்க முனைவோரிடம் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

மோரைப் பற்றியும் கோழியைப் பற்றியும்

முதியவரின் கேள்விக்கு விடை இதுதான். நம் வீட்டுத் தயிரிலும் மோரிலும் லாக்டிக் பாக்டீரியாக்கள் உயிரோடு உள்ளன. ஆனால் எந்த இரகம், எவ்வளவு என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். ஆகையால் இலக்கணப்படி அதனைப் புரோபயாடிக் என அழைத்தல் இயலாது. எனினும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தரும் சிறந்த உணவு அது. பொட்டலத்துக்குச் செலவிடும் பணத்தில் குழந்தைக்குத் தயிரும் முட்டையும் கொடுத்தால் பயன் உறுதி.

கோழி வளர்ப்போரும் இத்தகைய பொடிகளை வாங்குகின்றனர். பின்லாந்து நாட்டில் நூர்மி, ரன்டாலா என்னும் இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த கோழியின் குடற் பாக்டீரியாக்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா கிருமி அவற்றில் பரவுவது குறைந்ததைக் காட்டினர். கோழிக்குக் கோழியின் பாக்டீரியாவே உதவியது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. நிலக்கடலைக்கு உரிய ரைசோபியம் கொண்டைக்கடலைக்கு உதவாததை நாம் அறிவோம். ஓர் உயிரின் குடலில் ஒட்டிய இரகம் மற்றோர் உயிரின் குடலில் ஒட்டும் என்பதற்கு உறுதியில்லை. எனவே கால்நடை மருத்துவரைக் கேட்டபின் வாங்குதல் நன்று.

ஊராட்சி உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஊராட்சிக்கோ, சுய உதவிக் குழுவுக்கோ எவரேனும் இத்தகைய பொருளை விற்க வந்தால் பின்வரும் கேள்விகளைக் கேட்டு விடை பெறுக.

1. பேரினம், இனம் மட்டுமன்றி இரகத்தின் பெயரும் எண்ணும் பொட்டலத்தில் உள்ளனவா?

2. ஒரு நாள் அளவில் எத்தனை உயிருள்ள பாக்டீரியாக்கள் உள்ளன? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் வெளியிட்ட விதிகள், நாளொன்றுக்கு 10 கோடி என்ற எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தன. அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கு உரியதா, காலாவதி நாள் வரையிலும் உரியதா?

3. எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும்? நம் ஊர்க் கோடையில், கடையில் அவ்வாறு வைக்கப்பட்டிருந்ததா? உயிர் உரப் பொட்டலத்தை வெயிலில் போட்டால் என்னாகும் என்பது நமக்குத் தெரியும்.

4. இதே இரகத்தை, இதே நோய்க்கு, இதே வயதினரிடம், வெறும் பொடியோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்களா? சோதனைத் தட்டில் ஒட்டியது என்பது இக்கேள்விக்கு விடையாகாது.

5. குறைமாதக் குழந்தைகள், கடும் நோயாளிகள், எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அனுமதியின்றிக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை உள்ளதா?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு தூய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும் என 14 நாள் கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஒரு கணமும் தாழ்த்தாமல் சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் இரண்டும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆகஸ்ட் 15ஆம் நாள் கூடிய கிராம சபையில் நாம் இவ்விவரங்களை எடுத்துரைத்தோம். பொட்டலத்தைக் காட்டிய அதே வார்டு உறுப்பினரே எழுந்து, பொடி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, குடிநீர்த் தொட்டியில் குளோரின் அளவைத் தினமும் பார்த்துப் பலகையில் எழுதுவதென்றும், அங்கன்வாடி மையத்தில் ஓ.ஆர்.எஸ். எப்போதும் இருப்பில் வைப்பதென்றும் தீர்மானம் முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் அந்தத் தாய்.

தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உண்மையில் உள்ளன. அவற்றுள் சில வருங்காலத்தில் நம் குழந்தைகளைக் காக்கவும் கூடும். பிழைத்தல், ஒட்டுதல், காவலர்களோடு இணங்குதல் என்னும் சோதனைச்சாலைத் தேர்வுகள் அவற்றுக்கு நுழைவாயில். மனிதரிடம் பயன் கண்டு காட்டுவதே அவற்றுக்கு இறுதித் தேர்வு. அவ்விறுதித் தேர்வின் முடிவைக் கேட்டறிந்த பின்னரே ஊர்ப் பணத்தைச் செலவிடுவது ஊராட்சியின் கடமையாகும்.